ஆறு ஓட்டை வெளிச்சம்

எழிலரசிக்குக் கோவம் வந்துச்சுன்னா நாலு வீடு தள்ளி இருக்கற நாய்கூட குலைக்கறத நிறுத்திடும். இது அவங்க வீட்டுக்காரர் சபரிநாதன் சொல்றது. அதுவும் அவங்க பக்கத்துல இல்லாதப்போ, ஃபோன கையால மூடிக்கிட்டு, பூனை பால் நக்கற சத்தத்துல சொல்றது.

அந்த சனிக்கிழமை காலைல டெக்சாஸ்ல கேட்டிங்கற ஊருக்கு வெளிய, ஃப்ரீவே ஓரத்துல இருக்கற ஷூட்டிங் ரேஞ்ச்ல நின்னுக்கிட்டு அவங்க கோவப்பட்டது நாய் மேலயும் இல்ல, வீட்டுக்காரர் மேலயும் இல்ல. சொந்த விரல் மேல. வலது கை ஆள்காட்டி விரல்.

கையில ஒம்போது வருஷமா கூட இருக்கற ரிவால்வர். குட்டியா, கருப்பா, ஆறு குண்டு போடறது. அதுல ட்ரிகர அமுக்கறது ஒரு வேலை இல்ல, ரெண்டு வேலை. குண்டு இருக்கற உருளையையும் சுத்தணும், பின்னாடி இருக்கற சுத்தியலையும் தூக்கணும். அதனால கனமாத்தான் இருக்கும். இத்தன வருஷமா அந்தக் கனம் தெரியல. அன்னிக்கு முக்கால்வாசி வந்துட்டு விரல் நின்னுடுச்சு. மூட்டு ரெண்டும் வீங்கி, முத்தல் வெண்டைக்கா மாதிரி வெறச்சு நிக்குது.

"வாடா"ன்னாங்க விரலப் பாத்து.

வரல.

"வர்றியா, இல்ல நறுக்கி வீசிட்டுமா?"

பக்கத்து லேன்ல சுட்டுக்கிட்டு இருந்த வெள்ளைக்காரப் பெரியவரு காதுல மாட்டியிருந்தத லேசாத் தூக்கிட்டு எட்டிப் பாத்தாரு. அவருக்குத் தமிழ் தெரியாது. டோன் புரிஞ்சுது. சாமானையெல்லாம் எடுத்துக்கிட்டு ரெண்டு லேன் தள்ளிப் போய்ட்டாரு.

டாக்டர் ஏற்கெனவே சொல்லிட்டாரு, மூட்டுத் தேய்மானம்னு. அவரு பேசறது லிஃப்ட்ல வர்ற ரெக்கார்டிங் மாதிரி இருக்கும். ஜாடி மூடி திருகாதீங்க. துணி பிழியாதீங்க. கனமா எதையும் இழுக்காதீங்க. "துப்பாக்கி?"ன்னு இவங்க கேட்டப்போ கம்ப்யூட்டரப் பாத்துக்கிட்டே "அதுவும்தான்"ன்னுட்டாரு. கேட்டது என்னன்னு ரெண்டு நிமிஷம் கழிச்சுத்தான் உறைச்சு, நாற்காலிய மெதுவாத் திருப்பினாராம்.

ஒரு பெருந்துறைக்காரம்மாவுக்கு டெக்சாஸ்ல துப்பாக்கி எதுக்கு? நியாயமான கேள்வி. ஆனா அத அவங்க முன்னாடி கேட்டுடாதீங்க.

எழிலரசி எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி. ஊர்ல சாயப்பட்டறைத் தண்ணி கலந்த கெணத்துத் தண்ணிய பாட்டில்ல புடிச்சு, சோதிச்சு, ரிப்போர்ட் எழுதி, பட்டறைக்காரங்ககிட்ட வாய்ச்சண்டை போட்டுக்கிட்டு இருந்த பொண்ணு. கல்யாணம் ஆகி டிபெண்டன்ட் விசால வந்து எறங்கினாங்க. அந்த விசால வேலை பாக்கக்கூடாது. ஒரு வருஷம் ரெண்டு வருஷம் இல்ல, எட்டு வருஷம். அபார்ட்மென்ட் ஜன்னல் வழியா ஸ்ப்ரிங்க்லர் தண்ணி சீறி அடிக்கறதப் பாத்துக்கிட்டு, இதுல க்ளோரின் எவ்வளவு இருக்கும்னு மனசுக்குள்ள கணக்குப் போட்டுக்கிட்டு உக்காந்திருந்தாங்க. "நீங்க சும்மாதான இருக்கீங்க, நம்ம ஷ்ரேயஸ டேகேர்ல இருந்து கூட்டிட்டு வந்துடறீங்களா?"ன்னு கொஞ்சிக் கேட்ட ஒவ்வொரு ஆன்ட்டியோட பேரும், அவங்க அன்னிக்குக் கட்டியிருந்த புடவை கலரும் இன்னிக்கும் ஞாபகம் வச்சிருக்காங்க.

க்ரீன் கார்டு வந்த வாரமே வேலைக்கு அப்ளை பண்ணாங்க. ஒரு சின்ன தண்ணி டெஸ்ட் பண்ற லேப். உள்ள உக்காந்து பாக்கற வேலைக்கெல்லாம் ஆள் இருந்துச்சு. காலியா இருந்தது வெளி வேலை ஒண்ணுதான். பிக்கப் ட்ரக்க எடுத்துக்கிட்டு ப்ரூக்‌ஷயர், வாலர் பக்கம் பண்ணை பண்ணையாப் போயி போர்வெல் தண்ணி சாம்பிள் எடுத்துட்டு வரணும். தனியா. அந்த வேலைக்கு யாரும் நிக்கல. எழிலரசி ஏறி உக்காந்து சாவியத் திருகினாங்க. அன்னில இருந்து அந்த ட்ரக்குலதான் அவங்க மூச்சே விடறாங்க.

ஒம்போது வருஷத்துக்கு முன்னாடி ஒரு பண்ணையில காட்டுப்பன்னிக் கூட்டம். குட்டி போட்ட தாய்ப்பன்னி ஒண்ணு இவங்களத் தொரத்துச்சு. ட்ரக் கூரை மேல ஏறி ரெண்டு மணி நேரம் வெயில்ல உக்காந்திருந்தாங்க. சும்மா உக்காந்திருப்பாங்களா? திட்டிக்கிட்டே இருந்தாங்க. ஆனா பன்னியப் பாத்து "போடி பன்னி"ன்னு திட்டினா அதுக்கு எப்படி உறைக்கும்? அடுத்த வாரம் ரிவால்வர் வாங்கினாங்க.

பிரச்சினை பன்னி இல்ல. சபரிநாதன்.

சபரிநாதன் கோபிக்காரர். ஒரு எனர்ஜி கம்பெனில ப்ராஜெக்ட் மேனேஜர், வீட்ல இருந்தே வேலை. கரப்பான்பூச்சி வந்தா பேப்பர் கப்புல ஏந்தி, "போய்ட்டு வாப்பா"ன்னு புல்தரைல விட்டுட்டு வர்ற ஆளு. மீட்டிங்ல அவரு பேசறது பக்கத்து ரூமுக்குக் கேக்காது. பல சமயம் மீட்டிங்குக்கே கேக்காது. அவரு அன்னிக்கு ஒரே ஒரு கண்டிஷன் போட்டாரு.

"எழிலு, வச்சுக்க. ஆனா வருஷத்துக்கு ஒரு நாள் ஆயுத பூஜைக்கு சாமி முன்னாடி வரணும். காலியா வரணும். அது காலின்னு நீ சொல்லக்கூடாது. நான் என் கண்ணால பாக்கணும். பாக்க முடியலைன்னா அது இந்த வீட்ல இருக்கக்கூடாது."

அப்படி ஆரம்பிச்சதுதான். ஒவ்வொரு வருஷமும் மாடில இருக்கற பூஜை ரூம்ல எழிலரசி ரிவால்வரத் தொறந்து, ஆறு குண்டையும் டப்பால கொட்டிட்டு, உருளைய ஜன்னலுக்கு நேராப் புடிப்பாங்க. சபரி குனிஞ்சு, ஒரு கண்ண மூடிக்கிட்டு, ஒவ்வொரு ஓட்டையா எண்ணுவாரு. ஒண்ணு, வெளிச்சம். ரெண்டு, வெளிச்சம். ஆறு வரைக்கும். அப்புறம்தான் சந்தனம், குங்குமம். கடைசியா எழிலரசி தன் பங்குக்கு அத மூடி, தரையப் பாத்து ஒரு தடவ 'டிக்'குனு அமுக்கிக் காட்டுவாங்க. அது அவரு கேட்டது இல்ல. அவங்களா சேத்துக்கிட்ட எக்ஸ்ட்ரா ஃபிட்டிங்.

இப்போ அந்த ரிவால்வர்தான் விரலுக்கு ஒத்து வரல. லேப் ஓனர் வேற நைசா ஆரம்பிச்சுட்டான். "எழில், ஏன் கஷ்டப்படறீங்க? உள்ள உக்காந்து பாட்டிலுக்கு லேபிள் ஒட்டுங்களேன்?" அவங்களுக்கு அது எப்படிக் கேட்டுச்சுன்னா, மறுபடியும் அந்த டிபெண்டன்ட் விசா ஜன்னல்ல போயி உக்காருங்களேன்னு கேட்டுச்சு. துப்பாக்கி இல்லாம பண்ணைக்குள்ள போறதில்லன்னு அவங்களே அவங்களுக்கு வச்ச சட்டம். அப்போ வேற துப்பாக்கி வேணும். லேசா அமுக்கினா போறது. செமி ஆட்டோமேட்டிக்.

கடைக்குக் கார் ஓட்ட சபரியக் கூட்டிட்டுப் போனதுதான் தப்பு. கவுன்ட்டர்ல டஸ்டின்னு ஒருத்தன். ட்ரக் டயர் சைஸுக்குத் தொப்பை, அதுக்கு மேல பளபளன்னு பெல்ட் பக்கிள். அவன் இங்கிலீஷ் பேசறது வெல்லப்பாக இழுக்கற மாதிரி. தமிழ்ல சொன்னா இப்படித்தான் வரும்.

"வாஆஆங்க ஸாஆர். மேஏஏடத்துக்கு என்ன பாக்கறீங்க?"

கேட்டது சபரியப் பாத்து. சபரி கண்ணாடிக்குள்ள வரிசையா இருந்த துப்பாக்கியப் பாத்து வேர்த்துப் போயி நின்னாரு.

"மேடத்துக்கு வாய் இருக்குது, மேடத்துகிட்டயே கேளு"ன்னாங்க எழிலரசி. "என்கிட்ட ரிவால்வர் இருக்கு. ட்ரிகர் விரலுக்கு முடியல. செமி ஆட்டோ வேணும்."

டஸ்டின் இன்னும் சபரியத்தான் பாக்கறான். "லேடீஸுக்கு ரிவால்வர்தாங்க ஸார் பெஸ்ட்டு. எடுத்தோமா, அமுக்கினோமா. யோசிக்கவே வேணாம். இந்தா, இது வெயிட்டே இல்லாத மாடல், புதுசு."

"வெயிட்டு கொறஞ்சா உதை ஜாஸ்தி. ட்ரிகர் அதே கனம். விரலோட சேத்து மணிக்கட்டையும் ஒடைச்சுக்கச் சொல்றியா?"

இப்போதான் அவன் மொகத்தத் திருப்பி அவங்களப் பாத்தான். "மேஏஏம், செமி ஆட்டோன்னா வரிசை இருக்கு. எது மொதல்ல, எது அப்புறம்னு. தலை கூலா இருக்கணும்."

"என் தலை கூலாத்தான் இருக்கு!"

கண்ணாடி கவுன்ட்டர் கிணுங்குச்சு. பின்னாடி குண்டு டப்பா அடுக்கிக்கிட்டு இருந்த ஒருத்தன் ரெண்டு டப்பாவக் கீழ விட்டுட்டான். சபரி "எழிலு, எழிலு"ன்னு முந்தானையப் புடிக்கப் பாத்தாரு. அவங்க போட்டிருந்தது ஜீன்ஸு.

அந்தக் கடையிலயே ரேஞ்ச் உண்டு, வாடகைக்கு எடுத்து சுட்டுப் பாக்கலாம். மூணு எடுத்தாங்க. மொதல் துப்பாக்கி பெருசு. செமி ஆட்டோல மேல ஒரு மூடி மாதிரி இருக்கும், ஸ்லைடுன்னு பேரு. அதப் பின்னாடி இழுத்து விட்டாத்தான், புடிக்குள்ள அடுக்கி இருக்கற குண்டுல மொதல் குண்டு குழலுக்குள்ள ஏறும். இவங்க இழுத்தாங்க. துருப்புடிச்ச கேட்டு மாதிரி அசையல. பின்னாடி டஸ்டின் தொண்டையச் செருமினான். அந்தச் செருமல்ல 'நான் சொன்னேன்ல'ங்கறது இருந்துச்சு.

ரெண்டாவது குட்டி. கைப்பைக்குள்ள போட்டுக்கலாம். பாக்க முகத்துப் பவுடர் டப்பா மாதிரி. அதோட ஸ்ப்ரிங்கு இன்னும் மோசம், சுட்டா கைல இருந்து தவளை மாதிரி குதிச்சுது.

மூணாவது, கைல வலு கொறஞ்சவங்களுக்காகவே ஸ்ப்ரிங்க எளக்கிச் செஞ்ச நைன் எம்எம் பிஸ்டல். பிஸ்டலப் புடிச்ச வலது கைய முன்னாடி தள்ளி, ஸ்லைடப் புடிச்ச இடது கைய அப்படியே அசையாம நிறுத்தினாங்க. போர்வெல்ல மக்கர் பண்ற வால்வ அப்படித்தான் தெறப்பாங்க, இழுக்காம ஆளே சாஞ்சு தள்ளுவாங்க. 'சரக்'குனு வந்துச்சு. குழலுக்குள்ள குண்டு ஏறிடுச்சு. விரல வச்சாங்க. வெண்டைக்கா வளைஞ்சுது. நடு வட்டத்துக்கு ரெண்டு இஞ்ச் பக்கத்துல ஓட்டை. மறுபடியும். மறுபடியும். எழிலரசி மொகத்துல என்னமோ ஒண்ணு வந்துச்சு. சபரிக்கு அது என்னன்னு புரிய நேரம் ஆச்சு, பாத்து ரொம்ப நாளாச்சு. சிரிப்பு.

அப்போ பாத்து அவரு கேட்டாரு. "ஏன் எழிலு, இதுல வெளிச்சம் எங்க தெரியும்?"

சிரிப்பு போச்சு.

"இதுல உருளை இல்லீங்க. ஆறு ஓட்டையெல்லாம் தெரியாதுங்க."

"அப்போ காலின்னு நான் எப்படிப் பாக்கறது?"

"அதெல்லாம் வழி இருக்குதுங்க. புடிக்குள்ள குண்டு அடுக்கியிருக்கற மேகசின உருவிட்டு, ஸ்லைட இழுத்து நிறுத்தினா உள்ள தெரியும். பூஜை அன்னிக்குக் காட்டறனுங்க."

"காட்டு. காட்டினா வீட்ல இருக்கட்டும். இல்லைன்னா டஸ்டினுக்கே திருப்பிக் கொடுத்துடு"ன்னாரு, பூனை பால் நக்கற அதே சத்தத்துல. அந்த சத்தத்துல அவரு சொன்னா மாறாதுன்னு எழிலரசிக்குத் தெரியும். அதுவே ஒரு எரிச்சல்.

வாங்கிட்டு வந்து மூணு வாரம் ஒழுங்காப் பழகினாங்க. மொதல்ல மேகசின். அப்புறம் ஸ்லைடு. அப்புறம் உள்ள எட்டிப் பாக்கறது. நூறு தடவ இருக்கும். ஒரு தடவகூட மாறல.

ஆயுத பூஜை அன்னிக்குக் காலைல ஒரு பண்ணைக்காரன் கேட்டப் பூட்டிட்டுப் போய்ட்டான். ஃபோன் எடுக்கல. சாம்பிள் இல்லாம திரும்பி வந்தா லேப் ஓனர், "பாருங்க, இதுக்குத்தான் சொன்னேன், உள்ள ஏசி இருக்கு"ன்னான். வர்ற வழியில ஃப்ரீவே நிலக்கடலை மூட்டை மாதிரி அடைச்சுக்கிட்டு நின்னுது. நாலரை மணிக்கு வீட்டுக்குள்ள வரும்போது எழிலரசி காதுல இருந்து ஆவி வராத கொறைதான்.

கீழ கிச்சன்ல ஓவியா சுண்டல் தாளிச்சுக்கிட்டு இருந்தா. அவங்க பொண்ணு, ஹூஸ்டன்ல காலேஜ். அவளுக்குத் தமிழ் புரியும். பதில் மட்டும் இங்கிலீஷ்ல வரும். "ஹாய் அம்மா. வாவ். ஹூ டைடு?"

எழிலரசி இடுப்புல இருந்த பிஸ்டலோட நேரா மாடி ஏறினாங்க. பூஜை ரூம் கிச்சனுக்கு நேர் மேல. சபரி வேட்டி கட்டிக்கிட்டு, நெத்தில பட்டையோட, எல்லாத்தையும் அடுக்கி வச்சிருந்தாரு. அவரோட லேப்டாப்பு, மிக்சி, சாம்பிள் பாட்டில், ஓவியாவோட கால்குலேட்டரு, பழைய ரிவால்வர். நடுவுல பெரிய தட்டு நெறையப் பொரியும் கடலையும்.

"அஞ்சு மணிக்குள்ள முடிக்கணும் எழிலு. எங்க இருந்த இவ்வளவு நேரம்?"

அவ்வளவுதான் கேட்டாரு.

"எங்க இருந்தேனா? ஊர் சுத்திட்டு வர்றனுங்க! மாலுக்குப் போயி ஐஸ்க்ரீம் தின்னுட்டு வர்றனுங்க!"

"இல்ல, நான் சும்மாதான்..."

"சும்மா! இந்த வீட்ல நான் ஒருத்திதானுங்க சும்மா இருக்கறவ!"

பேசிக்கிட்டே இடுப்புல இருந்து பிஸ்டல எடுத்தாங்க. பேசிக்கிட்டே 'சரக்'குனு ஸ்லைட இழுத்து விட்டாங்க. ஒரு குண்டு வெளிய தெறிச்சு கார்ப்பெட்ல உருண்டுச்சு. அப்புறம் மேகசின உருவி மணைல 'டக்'குனு வச்சாங்க. "இந்தாங்க. காலி. பொட்டு வைங்க."

சபரி சந்தனக் கிண்ணத்துல விரல வச்சாரு. பொட்டு வைக்கல.

"வெளிச்சம் காட்டு."

"குண்டு வெளிய வந்துச்சு பாத்தீங்கல்ல? மேகசின் வெளிய இருக்குது பாத்தீங்கல்ல? இன்னும் என்ன?"

"வெளிச்சம்."

"ஒம்போது வருஷமா வெளிச்சம் வெளிச்சம்னு, நான் என்ன ஆயுதக் கிடங்குலயா நிக்கறேன், போலீஸ் ஸ்டேஷன்லயா? நூறு ரிப்போர்ட்டுல என் கையெழுத்த நம்பி ஊரே தண்ணி குடிக்குதுங்க. நீங்க ஒருத்தர்தான் நம்ப மாட்டீங்க! இருங்க, 'டிக்'குனே காட்டறேன், காது குளிரக் கேளுங்க."

பிஸ்டல தரையப் பாத்துப் புடிச்சு விரல ட்ரிகர் மேல கொண்டு போனாங்க.

"டிக் வேணாம்!"

அந்தச் சத்தம் எங்க இருந்து வந்துச்சுன்னு மொதல்ல எழிலரசிக்குப் புரியல. ரூம்ல வேற யாரோ இருக்காங்களோன்னு திரும்பிப் பாத்தாங்க. இருபத்தி மூணு வருஷத்துல சபரிநாதன் அப்படிக் கத்தினது இல்ல. கண்ணு செவந்து, சந்தனம் வேட்டியெல்லாம் சொட்டி நின்னாரு.

"எனக்கு டிக் வேணாம்! நான் டிக் கேட்டனா? ஒரு வருஷமாவது கேட்டனா? வெளிச்சம் காட்டுன்னா வெளிச்சம் காட்டு!"

"கத்தாதீங்க!"

"கத்துவேன்!"

"பாத்துத் தொலைங்க!"ன்னு எழிலரசி வெறியோட ஸ்லைடப் புடிச்சுத் தள்ளி நிறுத்தினாங்க.

உள்ள இருந்து ஒண்ணு வெளிய வந்துச்சு. மஞ்சளா, பளபளன்னு, காத்துல ஒரு சுத்து சுத்தி பொரித் தட்டுல விழுந்துச்சு. சத்தமே இல்ல. பொரிக்குள்ள பாதி முங்கி நின்னுது.

ரெண்டு பேரும் அதப் பாத்தாங்க.

எழிலரசிக்கு ஒரு செகண்டுல எல்லாம் தெரிஞ்சுடுச்சு. மேகசின உருவாம ஸ்லைட இழுத்திருக்காங்க. உள்ள இருந்த குண்டு வெளிய வந்துச்சு, சரி. ஆனா மேகசின் அடுத்த குண்ட உள்ள ஏத்தி விட்டுடுச்சு. அதுக்கு அப்புறம் மேகசின உருவி என்ன பிரயோஜனம்? ரிவால்வர்ல வரிசையே கிடையாது. தொறந்தா எல்லாம் கொட்டிடும், கோவத்துல தொறந்தாலும் கொட்டிடும்.

அப்போதான் கீழ இருந்து குரல் வந்துச்சு. கீழன்னா, அவங்க பிஸ்டலக் காட்டின அந்த எடத்துக்கு நேர் கீழ.

"அம்மா! சுண்டல் இஸ் டன்! கேன் ஐ ஈட் ஆர் டூ ஐ ஹேவ் டு வெய்ட் ஃபார் காட்?"

எழிலரசி கார்ப்பெட்டப் பாத்தாங்க. ஊர் வீடா இது, கான்க்ரீட் போட்டு எழுப்பினதா? தரைன்னா தரைன்னு நெனச்சு ஒம்போது வருஷமா கீழ காட்டி 'டிக்' பண்ணியிருக்காங்க. கார்ப்பெட்டு. அதுக்குக் கீழ நாலு மரச் சட்டம், ஒரு அட்டை. அதுக்குக் கீழ அடுப்பு. அடுப்பு முன்னாடி கரண்டியோட ஓவியா.

மொத தடவையா திட்டறதுக்கு ஆள் கெடைக்கல.

சபரி பொரிக்குள்ள இருந்து அந்தக் குண்ட ரெண்டு விரலால எடுத்து, கரப்பான்பூச்சிய எடுக்கற மாதிரி, அவங்க உள்ளங்கைல வச்சாரு. தட்டத் தூக்கினாரு. கீழ எறங்கினாரு. சாமிக்கு வச்ச பொரி ஒண்ணு கீழ செதறினாக்கூடக் கண்ணுல ஒத்திக்கற மனுஷன், மொத்தத்தையும் குப்பைத் தொட்டில கவுத்துட்டாரு.

"அப்பா! வாட் ஹேப்பண்ட்?"

"நமத்துப் போச்சு."

"தட்ஸ் ஃப்ரெஷ் ஃப்ரம் த ஸ்டோர்!"

"நமத்துப் போச்சுன்னா நமத்துப் போச்சு!"

ஓவியா கரண்டியக் கீழ வச்சுட்டுத் திரும்பிப் பாத்தா. அப்பாவா அதுன்னு அவளுக்கே டவுட்டு.

எழிலரசி கராஜுக்கு வந்து ட்ரக் கதவத் தொறந்து வச்சுக்கிட்டு உக்காந்தாங்க. மடில காலி பிஸ்டலு, ஸ்லைடு தொறந்தபடி. அவங்களுக்கு அந்த விரல் மேல கோவம். கேட்டப் பூட்டின பண்ணைக்காரன் மேல கோவம். எல்லாத்துக்கும் மேல அந்த டஸ்டின் மேல கோவம், அவன் தப்பாப் பேசினதுக்கு இல்ல, அந்தத் தொப்பைக்காரன் சொன்னது சரியாப் போச்சேன்னு. கண்ணுல தண்ணி வந்துச்சு. அதத் துடைக்கறதுலயும் கோவம், கன்னம் செவந்து போற அளவுக்குத் தேச்சாங்க.

கொஞ்ச நேரம் கழிச்சு கதவு தொறந்துச்சு. சபரி.

"திருப்பிக் கொடுத்துடறனுங்க"ன்னாங்க, அவரப் பாக்காமலே. "திங்கக்கெழமைல இருந்து உள்ள போயி லேபிளு ஒட்டறேன். உங்களுக்கு நிம்மதி."

"யாரு லேபிள் ஒட்டச் சொன்னா?" இன்னும் அதே கோவக் குரல். புதுசா வாங்கின சட்டை மாதிரி அவருக்கு அது சரியா உக்காரல, ஆனா கழட்டவும் இல்ல. "மொதல்ல எது?"

"என்னது?"

"அதுல. மொதல்ல எது?"

"...மேகசினுங்க."

"சத்தமாச் சொல்லு. அந்த வாய் எங்க போச்சு?"

"மேகசின்!"

"அப்புறம்?"

"ஸ்லைடு."

"செஞ்சு காட்டு. குண்டு இல்லாம."

காட்டினாங்க. மறுபடியும்னாரு. காட்டினாங்க. பதினோரு தடவ. ஏழாவது தடவ விரல் வலிச்சுது, சொல்லல. பதினொண்ணாவது தடவ அவரே புடிக்குக் கீழ இருந்து எட்டிப் பாத்தாரு. மேகசின் இருந்த சந்து வழியா, தொறந்த ஸ்லைடு வழியா, கராஜ் ட்யூப்லைட் தெரிஞ்சுது.

"வெளிச்சம் ஒண்ணுதான் தெரியுது."

"அது பத்தாதுங்க. அந்த வெளிச்சத்த நம்பக்கூடாது. குழலுக்குள்ள குண்டு ஒளிஞ்சிருந்தாலும் வெளிச்சம் வரும். விரல விட்டுத் தொட்டுப் பாக்கணும். சுண்டு விரல."

சபரி சுண்டு விரல விட்டாரு. கரப்பான்பூச்சிக்காரர், கண்ண இறுக்கி மூடிக்கிட்டு, துப்பாக்கிக்குள்ள விரல விட்டுத் தடவிப் பாத்தாரு. காலி. வெறும் ஓட்டை. வெளிய எடுத்தாரு.

எழிலரசி பாத்தாங்க. அவரு விரலப் பாத்தாங்க. பிஸ்டல வெளிச்சத்துல சாய்ச்சுப் பாத்தாங்க.

"ஏனுங்க. சந்தனக் கையோடயா விட்டீங்க?"

சபரி அவசரமா விரல வேட்டில தொடைச்சாரு.

"அறிவிருக்குதுங்களா உங்களுக்கு? குழலுக்குள்ள பூரா சந்தனமுங்க! காஞ்சா குண்டு ஏறுமா, எறங்குமா? இத யாரு நோண்டி எடுக்கறது, உங்கப்பாவா?"

"எங்கப்பா பேச்ச எடுக்காத!"

"எடுப்பேன்!"

கிச்சன்ல இருந்து ஓவியா தலைய நீட்டினா. "யூ கைஸ் ஆர் போத் யெல்லிங் நவ்?"

"நீ உள்ள போ!"ன்னாங்க ரெண்டு பேரும்.

ஆறு மணிக்கு மேல, நேரம் தவறிப் போனப்புறம், பூஜை நடந்துச்சு. பொரி இல்லாம, சுண்டல வச்சு. சபரி லேப்டாப்புக்குப் பொட்டு வச்சாரு. மிக்சிக்கு வச்சாரு. சாம்பிள் பாட்டில் பன்னெண்டுக்கும் வச்சாரு. கீழ போயி ட்ரக்குக்கு மூணு பட்டை போட்டு மாலை சாத்தினாரு. பழைய ரிவால்வர எழிலரசி ஜன்னலுக்கு நேராப் புடிக்க, கடைசி வெயில்ல ஆறு ஓட்டையும் எண்ணிப் பாத்துட்டு வச்சாரு. பிஸ்டல் பக்கம் வந்தாரு. தாண்டிப் போய்ட்டாரு.

"இதுக்கு?"

"அடுத்த வருஷம் பாக்கலாம்."

"அடுத்த வருஷமா! சந்தனத்த உள்ள வைக்கத் தெரியுது, வெளிய வைக்கத் தெரியாதுங்களா?"

"அடுத்த வருஷம்." பூனை பால் நக்கற சத்தம் திரும்பி வந்துடுச்சு. மாறாது.

பிஸ்டல் வீட்ல இருக்கு, பெட்டில பூட்டி, பொட்டில்லாம. எழிலரசி இன்னும் பண்ணைக்குத்தான் போறாங்க. அந்த அவமானம் இன்னும் ஆறல. தெனமும் சாயங்காலம் ட்ரக் கராஜுக்குள்ள வந்ததும், ரெண்டு காபி டம்ளரோட சபரி வாசப்படில நிப்பாரு. காபிய உடனே கொடுக்க மாட்டாரு.

போன வெள்ளிக்கிழமை மழை, சேறு, ஒரு பண்ணையில நாய் வேற. பல்லக் கடிச்சுக்கிட்டு எறங்கினாங்க.

"மொதல்ல எது?"

"மேகசினு."

"அப்புறம்?"

"ஸ்லைடு."

"அப்புறம்?"

"விரலு."

"யாரு விரலு?"

"என்ற விரலுதானுங்க! உங்க விரல எடுத்துக்கிட்டு இந்தப் பக்கம் வந்தீங்கன்னா ஒடைச்சு வீசிருவேன்! காபியக் கொடுங்க, ஆறிப் போகுது!"